நாலாவது படுக்கை

இந்த முறை மூன்று பேர்தான் போவது என்று நான் முடிவெடுத்தேன். குளியலறைக்குள், தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்று எடுத்த முடிவு அது. வெளியே ஐந்து பேர் வரிசையில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் யாரென்றே எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறை. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து விசா எடுக்க வருபவர்கள், கண் காட்ட வருபவர்கள், பல் கட்ட வருபவர்கள், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் என் மனைவி ஜெகதீஸ்வரிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். வெளிநாடு போன தமிழரில் பாதிப்பேர் எங்கள் வீட்டுப் பாயில் உருண்டுவிட்டுத்தான் போனார்கள். வாசலில் கதவு ஒன்று இருந்தது. அது ஒரு மரியாதைக்கு.

நான் அவர்களை வெறுத்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை. அவர்கள் வீடு வாசலை விட்டு வந்தவர்கள். நான் விட்டுக்கொடுத்தது கட்டிலை மட்டும்தான். ஆனாலும் மகள் வதனிக்குக் கனடா மாப்பிள்ளையோடு கலியாண எழுத்து முடிந்து, விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவள் போய்விடுவாள். அவளோடு கடைசியாகத் தனியே கதைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எங்கள் வீட்டிலே 'பிள்ளை, சாப்பிட்டியோ?' என்று கேட்பதும் பொதுக்கூட்டத்தில் கேட்பதுபோல்தான். பதில் நான்கு பேரிடமிருந்து வரும்.

ஒரு பயணம். அவளும் தாயும் நானும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

வான் பிடித்தால் சரிவராது. எங்கள் ஆட்களுக்கு ஹயஸ் வான் என்பது ரப்பரால் செய்த பொருள். கதிர்காமத்துக்கு ஆறு பேர் என்று புறப்பட்டு, வாசலில் பதினாறு பேராகி, நான் இடியப்பப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய மாமிக்கு முதுகு கொடுத்தபடி போய்ச் சேர்ந்தவன். லொட்ஜும் சரிவராது. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் முகாமையாளர் சிரித்துக்கொண்டே பொலிசுக்குப் போன் எடுப்பார்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஒஸ்வால்ட்டிடம் ஒரு கரவன் வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனது. ஜீப்பின் பின்னால் கொளுவி இழுக்கிற, சில்லுப் பூட்டிய சின்ன வெள்ளை வீடு. உள்ளே அடுப்பு, அலுமாரி, படுக்கை எல்லாம் உண்டு. மலைநாட்டிலே, பண்டாரவளையில் என் பழைய நண்பர் செல்லையா ஒரு தேயிலைத் தோட்டத்திலே பெரிய கிளாக்கர். அவருடைய வளவுக்குள் நிறுத்திவிட்டால் நாங்கள் உண்டு, குளிர் உண்டு.

"எத்தினை பேர் படுக்கலாம்?" என்று ஒஸ்வால்ட்டைக் கேட்டேன்.

"தாராளமா நாலு பேர் படுக்கலாம் சேர்." அவன் மேலே கையைக் காட்டினான். கூரைக்குக் கீழே இரண்டு சங்கிலியில் ஒரு பலகைப் படுக்கை தொங்கியது.

"அதைக் கழட்டும்."

"ஏன் சேர்? நல்ல ஸ்ட்ரோங். வெள்ளைக்காரனே அதுலதான் படுத்தான்."

"ஸ்ட்ரோங் எண்டபடியால்தான் கழட்டச் சொல்லுறன்."

ஒஸ்வால்ட் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வாறவங்க எல்லாம் இன்னும் ஒண்ணு போட்டுத் தா, ரெண்டு போட்டுத் தான்னு கேப்பாங்க. கொறைக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான் சேர்."

அவனுடைய மனைவி யோசெப்பின் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உபசரிப்பாக்கும் என்று நானும் சிரித்தேன். ஜெகதீஸ்வரி கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றிலேதான் படிப்பிக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. சந்தோசமாக இருக்கிற மனிதனுக்கு எதுதான் ஞாபகம் வரும்?

அன்று பின்னேரம் குசினிக்குள் போய் விசயத்தைச் சொன்னேன். ஜெகதீஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அக்காவும் அத்தானும் வந்து நிக்கினம். விட்டிட்டு எப்பிடிப் போறது?" என்றாள்.

அக்கா என்றால் இரத்தினம்மா. அத்தான் நமசிவாயம். பாதை பூட்டிக் கிடந்ததால் போன கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தார்கள். அத்தானுக்குக் கண்ணில் ஒப்பரேசன் முடிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் கட்டிலில் படுத்திருந்தார். நேரத்துக்கு நேரம் கண்ணுக்கு மருந்து விடவேண்டும்.

"என்ன செய்யிறது ஜெகம்? படுக்கை மூண்டுதான்."

"ஓமோ?"

"ஓம். நாலாவது ஆள் ஏறினால் சில்லு கழண்டுபோம்."

"செல்லையாண்ணை வீட்டிலை ஒராள் படுக்கலாம்தானே?"

"அங்கை பெயின்ற் அடிக்கினம். ஒரு பூனைகூடப் படுக்கேலாது."

"பூனையை ஆர் கூட்டிக்கொண்டு போகப்போகினம்?" அவள் துருவலை நிறுத்தவில்லை. "அப்ப மூண்டு பேர்தான்."

"மூண்டு பேர்தான்."

"பிறகு மாத்தக் கூடாது."

"நான் சொன்னால் சொன்னதுதான்."

"சரி. உங்கடை விருப்பம்" என்றாள்.

இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் 'உங்கடை விருப்பம்' என்று அவள் சொன்ன எதுவும் என் விருப்பப்படி நடந்ததில்லை. அதையாவது நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மாறாக, அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அதையே சொல்லித் திரிந்தேன். மூன்று பேர்தான். படுக்கை மூன்றுதான். அத்தானுடைய திறந்திருந்த கண்ணுக்கு நேரே விரல் மூன்றை நீட்டிக் காட்டினேன். "விளங்குது தம்பி. ஒரு கண்ணாலேயே விளங்குது" என்றார் அவர்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் புவாத் கரவனைக் கொண்டுவந்தான். ஒஸ்வால்ட்டின் ஜீப்பை ஓட்டுகிற பையன். ஜீப்பும் அவனும் வாடகையோடு சேர்த்தி. இரவில் அவன் ஜீப்புக்குள்ளேயே படுப்பான். இறங்கியதும் பின்கதவைத் திறந்து அந்தப் பலகையை வெளியே எடுத்தான்.

"ஒஸ்வால்ட் குடுத்து உட்டாரு சேர். கராஜ்ல வைக்க எடமில்லயாம். வந்த பொறகு எடுக்கிறாராம்."

நான் அதைப் பிடுங்கி, யாரும் காணுமுன் மேல்வீட்டுக்கு ஏறும் மாடிப்படிக்குக் கீழே ஒளித்தேன். திரும்பி வந்தால் ஒழுங்கை காலியாகிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் தெருவில் ஒரு பழைய பை கிடந்தாலே குண்டு என்று ஊர் ஓடும். இது ஒரு வீட்டளவு வெள்ளைப் பெட்டி, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது, வாசலில் நிற்கிறது. முதலில் மூலைக் கடையின் கதவு விழுந்தது. பிறகு யன்னல்கள். எதிர்வீட்டு நேசமலர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடியது தெரிந்தது. பத்து நிமிடத்துக்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

சார்ஜன்ட் தூரத்தில் நின்றுகொண்டே சிங்களத்தில் கேட்டார்: "யாருடையது இது?"

"மகே, மாத்தயா, மகே" என்று நான் முன்னால் ஓடினேன். என்னுடையது என்று அவ்வளவு பணிவாக என் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை. கதவைத் திறந்து காட்டினேன். அடுப்பைக் காட்டினேன். மெத்தையைத் தட்டிக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒழுங்கை முழுவதும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"எத்தனை பேர் போகிறீர்கள்?"

"துன்தெனாய், மாத்தயா! துன்தெனாய்!" மூன்று பேர். நான் விரலையும் காட்டினேன். ஊரே கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"யார் யார்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது. என் சிங்களம் அலுவலகச் சிங்களம். அவளுடையது சந்தைச் சிங்களம், தண்ணீராக ஓடும்.

"நான், மகள், என்னுடைய அக்கா. இவர் வீட்டிலே நிற்பார். கண் ஒப்பரேசன் செய்த அத்தான் இருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பொலிசிலே பதிந்திருக்கிறோம். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்."

சார்ஜன்ட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியா?"

இந்த இடத்தில் அந்தக் காலத்தைத் தெரியாதவர்கள் கேட்பார்கள், 'இல்லை, மூன்றாவது ஆள் நான்தான் என்று சொல்லவேண்டியதுதானே?' என்று. சொல்லலாம். புருசன் ஒன்று, பெண்சாதி ஒன்று சொன்னால், அடுத்த கேள்விகளைப் பொலிஸ் நிலையத்தில் வைத்துக் கேட்பார்கள். பொலிசுக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றாமல் இருக்க நாங்கள் பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா சொல்லப் பழக்குவதற்கு முன்பே பழக்கினோம்.

"ஓவ், மாத்தயா" என்று ஆமோதித்தேன்.

"நல்லது. வெளியாட்கள் நிற்கும்போது வீட்டுக்காரர் வீட்டிலே இருக்கவேண்டும். நாளைக்கும் மறுநாளும் ரோந்து வரும்போது பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். போகும்போது மெத்தையை இன்னொருமுறை தட்டிப் பார்த்தார்.

நான் குசினிக்குள் போனேன்.

"ஜெகம், உது என்ன வேலை?"

"எது?"

"மூண்டாவது ஆள் நானெல்லே!"

"மூண்டு பேர் எண்டு சொன்னனீங்கள். ஆரெண்டு ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொல்லவும் வேணுமே? என்ரை பிள்ளை போகப்போகுது. அவளோடை ரெண்டு நாள் நிம்மதியா..." அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கும்தான் பிள்ளை போகுது. கலவரத்துக்குப் பிறகு ரெண்டு வருசம் வதனி யாழ்ப்பாணத்திலை ஆரின்ரை மடியிலை கிடந்தவள்? நீங்கள் வேலையை விடேலாது எண்டு இஞ்சை. நான் உங்களுக்குச் சமைக்க இஞ்சை. அக்காதானே வைச்சுப் பாத்தவ. பாதை பூட்டினாப் பிறகு இப்பதான் பிள்ளையைக் காணுறா. இனி எப்ப காணப்போறா?"

இரத்தினம்மா வந்த நாளிலிருந்து வதனியின் தலையை வாரிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. இழுத்து இழுத்து, முடிந்ததை அவிழ்த்து, மறுபடி வாரினார். எத்தனையோ தரம் அவர்களைக் கடந்து போயிருக்கிறேன். குளியலறைக்கு இடம் பிடிக்க.

"அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு நாலு பேராப் போயிருக்கலாமே" என்றேன், என்னை மறந்து.

"அப்பிடித்தான் நானும் முதலிலை நினைச்சனான். அத்தானுக்கு மருந்து விட நேசமலரையும் கேட்டு வைச்சனான். நாலாவது படுக்கை இருந்திருந்தால் நீங்களும் வந்திருக்கலாம்."

நான் மெதுவாகக் கேட்டேன். "எந்த நாலாவது படுக்கை?"

"நீங்கள் கழட்டுவிச்சது. யோசெப்பின் எனக்குப் பக்கத்து வகுப்பு ரீச்சர். அண்டைக்கு வந்து, 'உங்க அவருக்கு என்ன பிரச்சினை?' எண்டு கேட்டவ. எனக்கும் தெரியாது எண்டு சொன்னன்."

"அது கீழைதான் கிடக்கு! புவாத்தைக் கூப்பிட்டுப் பூட்டச் சொல்லுவம்!"

"பூட்டலாம்" என்றாள் அவள். "பூட்டிப்போட்டுப் பொலிசுக்குப் போங்கோ. பின்னேரம் மூண்டு பேர் எண்டு சொன்னனான், இப்ப நாலு பேர், பெட்டிக்குள்ளை புதுசா ஒரு பலகையும் அடிச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

விடிய அவர்கள் புறப்பட்டார்கள். இரத்தினம்மா என்னைக் கும்பிடாத குறை. "தம்பி, எனக்காக உங்கடை இடத்தை விட்டுத் தந்திட்டியளாம். ஜெகம் சொன்னவள்" என்று கண் கலங்கினார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஓம் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

வதனி ஜீப்பில் ஏறப்போனவள் திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்களும் வாங்கோவன்."

நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வசனத்தை என் வாயாலேயே அவளுக்குச் சொன்னேன். "இடமில்லைப் பிள்ளை."

"வந்து எல்லாம் சொல்லுறன் அப்பா."

சொன்னாள். வந்த அன்றைக்கே சொன்னாள். பதினொரு பேருக்கு முன்னால். பனி எப்படி இறங்கியது, பெரியம்மா கம்பளிக்குள் ஒளித்துக்கொண்டு எப்படிச் சிரித்தா, செல்லையா மாமா இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது, அவர் வீட்டில் பெயின்ற் மணமே இல்லாதது. நான் மூலையில் நின்று கேட்டேன். அடுத்த மாதம் அவள் போனாள். விமான நிலையத்துக்கு வான் பிடித்தோம். பதினாறு பேர்.

அவளோடு தனியே இருந்திருந்தால் என்ன கதைத்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பேன். ஒன்றும் கதைத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. சும்மா பக்கத்தில் இருந்திருப்பேன். அதற்கு நாலு பேர் இருந்திருந்தாலும் குறைவில்லை. பலகையைக் கழற்றச் சொன்ன மனிதனுக்கு அது தெரியவில்லை.

அவர்கள் புறப்பட்டுப் போன அன்று மத்தியானமே வவுனியாவிலிருந்து ஜெகதீஸ்வரியின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினான். என் கட்டிலில் அத்தான். மற்ற அறையிலும் விறாந்தையிலும் அவர்கள். அத்தானுடைய கண்ணுக்கு மருந்து விட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே குனிந்து, ஒளித்து வைத்ததை நானே வெளியே இழுத்தேன்.

ஒஸ்வால்ட் பொய் சொல்லவில்லை. நாலாவது படுக்கை நல்ல ஸ்ட்ரோங்.