யுரேனியம் நைனாவின் பாறை

திருத்தணி முருகனிடம் எதையாவது கேட்காதவர் கிடையாது. யுரேனியம் கேட்டவர் எங்கள் தெருக்கோடி நைனா ஒருவர்தான்.

எழுபதுகளில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். அதில் முக்கால்வாசி ஒரே பாறை. ஒருநாள் சர்க்கார் ஜீப்பில் வந்தவர்கள் அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தார்கள். பெட்டி டிக் டிக் என்றது. ஒருவர் யுரேனியம் என்று ஏதோ சொன்னார். ஜீப் போய்விட்டது. அன்றோடு நைனாவுக்கு நிம்மதி போயிற்று, எனக்கும்தான்.

ஏனென்றால், அவருக்கு மனு எழுதுவது நான். படிப்பு எட்டாவதுதான், கையெழுத்து மட்டும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கும்.

"இன்னா சாமி, எழுதிகினு இருக்கியா?"

"ஆங், எழுதிகினுதான் இருக்கேன் நைனா. யுரேனியம்னா இன்னா?"

"தங்கத்துக்குப் பெரியப்பன். தோண்ட உத்தரவு கேளு. கெஞ்சாத, கல்லு நம்மளுது."

எழுதி எழுதி விரல் காய்த்த பிறகு பதில் வந்தது. அதைத் தனியார் தோண்டக்கூடாது, சட்டம் இடம் தராது. அதிகாரி சோதிப்பார், இருந்தால் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும்.

செய்தி தெருவுக்குப் பரவியது. ஆடிக் கிருத்திகைக்கு அரக்கோணம், பொதட்டூர்பேட்டையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் காவடியைத் தரையில் வைக்கமாட்டார்கள். மலையேறுமுன் அந்தப் பாறையில்தான் சாய்த்துவிட்டு மூச்சு வாங்குவார்கள். தறியை நிறுத்திவிட்டு எதிர்வீட்டு முனியம்மா வந்தாள்.

"ஏன் நைனா, கல்ல வெடி வெச்சித் தூக்கிட்டா காவடிய உன் தலைமேலயா சாய்ப்பாங்க?"

நைனா மறுநாள் விடிந்ததும் என் வாசலில் நின்றார்.

"சாமி, இன்னொரு மனு. அந்தக் கல்லுல ஒண்ணுமே இல்லன்னு எழுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரார் கொடுத்த எதிர்ப்பு மனுவும் நான் எழுதியதுதான். அதில் முதல் கையெழுத்து நைனாவுடையது.

அதிகாரி வந்த அன்று பாறை முழுக்க விபூதி. நடுவில் நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க பெரியவரே."

"கால் மரத்துப்போச்சி சார்."

அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைத்தார்கள். டிக், டிக். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

"நெறைய கல்லுல இவ்ளோ இருக்கும். இதுக்காக யாரும் தோண்ட மாட்டாங்க" என்றார் அதிகாரி.

நைனா மலையைப் பார்த்துக் கும்பிட்டார். ஜீப் திரும்பியதும் என் காதோரம் குனிந்தார்.

"அவ்ளோதானா சாமி?"

அடுத்த ஆடியிலிருந்து, காவடிக்காரர்களுக்குக் கால் சுடக்கூடாதென்று பாறைமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். அவர் போன பிறகு நான் ஊற்றுகிறேன். மனு எழுதி ஓய்ந்த கை. இரண்டாவது குடத்துக்கே வலிக்கிறது. போதும் என்று குடத்தை இறக்கினால், பின்னாலிருந்து அவர் கேட்பதுபோல் இருக்கும்.

"ஆங், ஊத்திகினுதான் இருக்கேன் நைனா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு குடம் எடுக்கப் போகிறேன்.