கொலுப்படியான குளிர்பதனப் பெட்டி

எங்கள் தெருவில் ஒரு பொய் உலவுகிறது. ஒருவருடைய கண் பட்டதால் ஒரு குளிர்பதனப் பெட்டி உயிர்விட்டதாம். நாளடைவில் இதுவே மைசூரின் வரலாறாக நிலைத்துவிடுமோ என்னும் அச்சத்தால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அவருக்குத் தெரு சூட்டிய பெயர் ‘ஐந்து நட்சத்திரம்’. பிறர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்காக அவ்வளவு துயருற்ற மனிதர் இந்நகரில் அவருக்கு முன் பிறந்ததில்லை. எங்கள் தெருவார் அவரை நடத்திய விதத்தைக் கண்டபின், இனிப் பிறக்க எவரும் துணியவும் மாட்டார்.

கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்துக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்ந்தவர். தனித்திருக்கும் ஆண் ஒருவர் பிறர் வீட்டுப் படியேறினால் நம்மவர் காரணம் கேட்பார்கள். குளிர்பதனப் பெட்டிதான் அவருக்கு வாய்த்த ஒரே காரணம். அதுவும் இல்லையேல் அவர் மனித முகம் பார்க்க வழியில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஃப்ரிட்ஜ் எப்படி இருக்குதுங்க?” என்பார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் “அப்படீங்களா” என்று நின்றபடி கேட்பார். பெட்டியின் இரைச்சல் கூடியிருக்கிறது என்றால் கவலையோடு உட்கார்ந்துவிடுவார். பிறகு கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுப்பார். தாள் தடையின்றி வந்துவிட்டால் முகம் இருண்டுவிடும்.

“ரப்பர் போச்சுங்க. மைசூரு மொத்தத்துக்கும் நீங்க ஒருத்தரே ஏசி போட்டுட்டு இருக்கறீங்க.”

ஒருமுறை என் மனைவி ஆவி பறக்கும் ரசத்தை உள்ளே வைக்கப்போனாள். “அம்மிணி, அந்த அடுப்பையும் சேத்து உள்ள வெச்சிருங்க, வேலை மிச்சம்” என்றார். கேட்பவர் சலித்தாலும் விடமாட்டார். “கடைக்காரன் அஞ்சு ஸ்டார் ஒட்டித்தானுங்க குடுக்கறான். ஒவ்வொண்ணா உரிக்கறது நாமதான்.”

வினை தசரா வடிவில் வந்தது. எதிர்வீட்டுச் சிங்கம்மா மாமி மேலுகோட்டை வழிவந்தவர். அவருடைய பொம்மைகள் ஆண்டுதோறும் பெருகின, கூடம் பெருகவில்லை. எனவே கூடத்து நடுவே நின்ற குளிர்பதனப் பெட்டியையே உச்சிப்படியாக்கி, இருபுறமும் பலகைகளை நெருக்கி இறக்கி, அனைத்தையும் கொள்ளேகால் பட்டுப் புடவைகளால் போர்த்திவிட்டார். முன்புறம் மட்டும் திரைபோல் ஒரு விலக்கம். தசாவதாரப் பொம்மைகளுக்குக் கீழே திரையை விலக்கிக் கதவைத் திறந்தால் தயிர். தெருவே வியந்தது.

சுண்டல் வாங்க வந்த ஐந்து நட்சத்திரம் வியக்கவில்லை. பட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“மாமி, இதுக்கு உடம்பு சுடுதுங்க. ரெண்டு பக்கத்துலயும் சூடு வெளிய போகோணும். நீங்க போத்தி விட்டிருக்கறீங்களே!”

“பண்டிகை நாள்ல அச்சானியமாப் பேசாதேள். மேலே கலசம் வெச்சாச்சு. தசமி முடியறவரைக்கும் கொலுவை அசைக்கப்படாது.”

“கலசம் இருக்கட்டுங்க. பலகையக் கொஞ்சம் நவுத்தி, சேலைய மட்டும்…”

“பேடவே பேடா! ஒண்ணும் வேண்டாம். சுண்டலை எடுத்துண்டு கிளம்புங்கோ.”

“சொல்லிப்போட்டேனுங்க. இது தசமி பாக்காது.”

ஆயுத பூசை வந்தது. மாமி பெட்டிக்கும் குங்குமமிட்டு, கதவின்மேல் மாலை சூட்டினார். மாலையின் நுனி ரப்பரில் சிக்கிக் கதவு முழுதாக மூடவில்லை. போர்வைக்குள் புழுங்கியபடி ஓயாது ஓடிய பெட்டி, அந்தி சாய்வதற்குள் அடங்கிவிட்டது. பாலும் இட்லி மாவும் ஒருசேரப் புளித்தன.

பழுது பார்க்க வந்தவர், “காத்துக்கு வழியே இல்லம்மா. சுத்தியும் துணி. கம்ப்ரசர் சுட்டுப்போச்சு” என்றார்.

“ரெண்டு பேரும் பேசி வெச்சுண்டிருப்பா!” என்றார் மாமி.

அன்றே தீர்ப்பு எழுதப்பட்டது: கரிநாக்கு, கொள்ளிக்கண். எங்கள் தெருவில் பேராசிரியர்கள் உண்டு. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரும் உண்டு. அப்பொறியாளர் தம் பெட்டியின் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார். வெப்பம் வெளியேற வழி வேண்டும் என்று நான் எடுத்துரைத்தபோது, “நீங்க தமிழ் வாத்தியார், உங்களுக்கு எதுக்கு சார் இந்த டெக்னிக்கல் எல்லாம்?” என்றார். படித்தவர் மூடத்தனத்துக்கு மருந்தில்லை.

அதன்பின் ஐந்து நட்சத்திரம் சென்ற வீடுகளிலெல்லாம் இரும்புக் கதவுக்கு உள்ளிருந்தே மறுமொழி வந்தது: “எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா.” அவரும் போவதை நிறுத்தினார்.

நான் வற்புறுத்தி ஒருநாள் காப்பிக்கு அழைத்து வந்தேன். சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“அண்ணா, எங்க ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் பாருங்களேன்” என்றாள் என் மனைவி.

“வேண்டாமுங்க அம்மிணி. நல்லா ஓடிட்டு இருக்கறதை நான் எதுக்குப் பாக்கோணும்?”

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுமாதம் கொள்ளேகாலில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அங்கேயும் அவர் எவர் வீட்டுக்கும் போவதில்லை என்று கேள்வி. மாமி புதுப் பெட்டி வாங்கினார். அதுவும் அடுத்த கொலுவில் உச்சிப்படிதான்.

நான் இலக்கணம் கற்பித்தவன். எந்திர நுட்பம் அறியேன். இவ்வுரையில் பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. கொள்ளேகால் வாசகர்கள் அவரையே கேட்டுத் திருத்துவது இன்னும் நன்று. அழைத்தால் வரமாட்டார். அவர் தெருவில் போகும்போது உங்கள் பெட்டியின் கதவை அகலத் திறந்து வையுங்கள். திட்டுவதற்காகவாவது உள்ளே வந்துவிடுவார். வந்தவரை விரைவில் அனுப்பிவிடாதீர்கள்.