ஆளில்லாத இடத்துக்குப் பந்தெறிந்தவன்

மேற்கு சிட்னித் தமிழர் விளையாட்டு ஒன்றியம் இழைத்த அநீதிகளை மகேந்திரராஜா ஒழுங்கு தவறாமல் சொல்வார். இடையில் ஒன்று விடுபட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்குவார்.

முதலாவது, கரப்பந்தாட்ட வலை யாருடைய வீட்டுக் கராஜில் கிடந்ததோ அவரையே அணித்தலைவர் ஆக்கியது. இரண்டாவது, கரம்போர்ட் இறுதிப் போட்டியில் நடுவரே ஒரு பக்கம் உட்கார்ந்து விளையாடி, வென்று, தன் கையைத் தானே உயர்த்திக் காட்டியது. மூன்றாவது, பிரதம விருந்தினர் பிந்தி வந்ததால் ஓட்டப் போட்டியையே நடத்தாமல், மற்றப் பிள்ளைகள் வீடு போன பிறகும் மைதானத்தில் நின்ற செயற்குழுவினரின் பிள்ளைகளுக்குப் பதக்கம் போட்டது. நான்காவது, வலைப்பந்து அணியைப் பிள்ளைகளின் கையைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், தாய்மார் கொண்டுவந்த மட்டன் ரோல்ஸைப் பார்த்துத் தெரிவு செய்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. ஹோம்புஷ் மளிகைக்கடை வாசலிலும், கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்திலும் மகேந்திரராஜாவே நின்று கொடுத்தார். சனம் வாங்கியது, படித்தது, "உண்மைதான் அண்ணை" என்றது. அடுத்த வருடமும் அதே ஆட்களுக்கே கை உயர்த்தியது.

ஆனாலும் விடாமல் எழுதினால் கல்லும் அசையும் என்று நம்பியவர் அவர். இந்த வருடம் அசைந்தது. "எந்த வீரரும் இனி அறிவியல்முறைப்படி மதிப்பிடப்பட்டே அனுப்பப்படுவார், யாருக்கு ஆதாயம் என்று பார்த்து அளவுகோல் மாற்றப்படாது" என்ற அவருடைய வாசகமே, ஒரு காற்புள்ளி மாறாமல், ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. மதிப்பீட்டுக் குழுவும் பிறந்தது. தலைவர் கல்யாணசுந்தரம், ஒன்றியத்தின் நிரந்தரத் தலைவர். உறுப்பினர் நாகலட்சுமி, சென்னையிலிருந்து வந்தவர், தலைமைத்துவப் பயிற்சி வகுப்புகளில் வாங்கிய சான்றிதழ்களைச் சுவரில் இடமில்லாத அளவுக்கு மாட்டியிருப்பவர். செயலாளர் மகேந்திரராஜா.

குழுவின் முன் வந்த முதல் விடயம் அமெரிக்கன் ஃபுட்போல்.

அமெரிக்காவில் இருந்து ஒரு தொழில்முறை அணியின் ஆட்கள் மெல்பேர்னுக்கு வந்து ஒருநாள் தேர்வு நடத்துகிறார்கள். ஒவ்வொரு சமூக அமைப்பும் ஒருவரை அனுப்பலாம். விமானமும் ஹோட்டலும் அவர்களுடையது. சிட்னித் தமிழருக்குள் அந்த நீள்பந்தைக் கையால் தொட்டவன் ஒருவன்தான். மெரிலேண்ட்ஸ் யோகாவின் மகன் பிரஷாந்தன். பல்கலைக்கழக அணியில் குவார்ட்டர்பேக். பந்து அவன் கைக்கு வரும், எதிரணியில் நாலு தடியர்கள் அவனை விழுத்த ஓடி வருவார்கள், அதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்துவிட வேண்டும். அதுதான் அவன் வேலை. அவனுக்கு இது கடைசி வருடம். மெல்பேர்ன் தவறினால் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்காளராகப் போக வேண்டியதுதான்.

அவனுடைய துல்லியத்தையும் முடிவெடுக்கும் ஆற்றலையும் மதிப்பிட்டு அனுப்பும்படி அமெரிக்கர்கள் கேட்டிருந்தார்கள். கேட்டிருக்க வேண்டாம்.

துல்லியம் சனிக்கிழமை மைதானத்தில் மதிப்பிடப்பட்டது. முதலில் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. காற்று அணைத்தது. மீண்டும் ஏற்றப்பட்டது. மூன்றாம் முறை நாகலட்சுமி கைப்பேசியில் விளக்குப் படம் ஒன்றை எடுத்துக் காட்ட, அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆட்டத்தின் முதற்பாதி முடிந்திருந்தது.

இரண்டாம் பாதியில் பிரஷாந்தன் பந்தை எறிந்தான்.

"உவன் எறிஞ்ச இடத்திலை ஆர் நிண்டது?" என்றார் கல்யாணசுந்தரம்.

"ஒருத்தரும் நிக்கேல்லை," என்றார் மகேந்திரராஜா. "ஆனால் அவன்ர ஆள் ஓடிவந்து பிடிச்சிட்டான்."

"அது ஓடினவன்ர கெட்டித்தனம். எழுதுங்கோ: ஆளில்லாத இடத்துக்கு எறிந்தார்."

அடுத்த முறை தடியர்கள் நெருக்க, பந்து அவர்கள் கைக்குப் போகாமல் இருக்க அதைக் கோட்டுக்கு வெளியே வீசிவிட்டான். "வேணுமெண்டே விரயம் செய்தார்," என்று பதிவானது. கடைசியாக ஒன்று கைதவறிப்போய் எதிரணிக்காரனின் நெஞ்சில் விழுந்தது. அவன் அதை அணைத்துக்கொண்டு ஓடினான்.

கல்யாணசுந்தரம் கதிரையை விட்டு எழும்பினார். "அப்பாடா! நேரா நெஞ்சிலை! முழுப் புள்ளி!"

"ஐசே, அது எதிரணி ஆள்," என்றார் மகேந்திரராஜா.

"துல்லியம் எண்டுதானே கேட்டிருக்கினம்? ஆருக்கு எண்டு கேக்கேல்லையே. அளவுகோலை மாத்தக்கூடாது எண்டு எழுதினது நீங்கள்தானே?"

தன் வாசகத்தைத் தானே மீறுகிற ஆள் அல்ல மகேந்திரராஜா. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

முடிவெடுக்கும் ஆற்றல் மறுநாள் ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபத்தில் மதிப்பிடப்பட்டது. பிரஷாந்தன் தாய் யோகாவோடு வந்திருந்தான்.

"பந்து கையில வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க, தம்பி?" என்றார் நாகலட்சுமி.

"டிஃபென்ஸைப் பாப்பன் அன்ரி. உடனே எறிவன்."

"டீம்ல எல்லார்கிட்டயும் கலந்து பேசுவீங்களா?"

"அன்ரி, நாலு பேர் என்னை அடிக்க ஓடி வாறாங்கள்!"

"ஆமா, அவங்க கருத்தையும் கேட்கலாமே? எல்லாரையும் உள்வாங்குறதுதான் தம்பி லீடர்ஷிப்."

கல்யாணசுந்தரம் செருமினார். "தம்பி, நாங்கள் ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கிற விஷயத்தை வருஷக்கணக்கா யோசிக்கிறம். இண்டுவரைக்கும் ஒரு பிழை வரேல்லை."

"எந்த மண்டபம் எடுத்தனீங்கள்?" என்றார் யோகா.

"இன்னும் எடுக்கேல்லைப் பிள்ளை. அதுதான் பிழை வரேல்லை."

பிரஷாந்தன் தாயைப் பார்த்தான். "அம்மா, ஆர் தே சீரியஸ்?" யோகா அவன் முழங்காலில் தட்டி அடக்கினார்.

விண்ணப்பதாரர் அவசரக்காரர், யாரையும் கேளாதவர், ஆளில்லாத இடத்துக்கு எறிபவர், எனவே தகுதியற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் மெல்பேர்ன் இடத்தை வெறுமையாக விடுவது தமிழினத்துக்கு அவமானம் என்றும் தீர்மானிக்கப்பட்டது. பந்தையே எறியாதவர் ஒரு பந்தையும் தவறவிட்டவர் ஆகார். முடிவே எடுக்காதவர் பிழையான முடிவு எடுத்தவர் ஆகார். இந்த இரண்டு தகுதியும் ஒருங்கே அமைந்தவர் கல்யாணசுந்தரம் என்று நாகலட்சுமி முன்மொழிந்தார். கல்யாணசுந்தரம் கூச்சத்தோடு தலை குனிந்தார்.

மகேந்திரராஜா மேசையில் அடித்தார். தண்ணீர்ப் போத்தல் விழுந்து உருண்டது.

"பொடியன்ர இடத்தைப் பறிச்சு நீர் போறீரோ? நாளைக்கே பிரசுரம் வரும்! ஹோம்புஷ் முழுக்கக் குடுப்பன்! மெல்பேர்னுக்கும் அனுப்புவன்!"

யோகா முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

கல்யாணசுந்தரம் கோபப்படவில்லை. போத்தலைக் குனிந்து எடுத்து நிமிர்த்தி வைத்தார். "ஏன் அனுப்ப வேணும்? நீங்களே போங்கோவன்."

"ஆர், நானோ?"

"நீங்களும் பந்து எறியேல்லைத்தானே? பொடியன் போனால் பந்துதான் எறிவான். நீங்கள் போனால் அமெரிக்கனுக்கு முன்னாலை எழும்பி நிண்டு, பொடியனுக்கு நடந்த அநீதியை விளங்கப்படுத்தலாம்."

"மைக் இருக்கும் சார்," என்றார் நாகலட்சுமி. "காலைச் சாப்பாடும் ஹோட்டல்லயே."

மகேந்திரராஜா யோசித்தார். செருப்புகளுக்கு நடுவே நின்று பேசிய வாய் அது. மெல்பேர்ன், ஒலிவாங்கி, முன்வரிசையில் அமெரிக்கர்கள். கண்டனம் செய்யவும் ஓர் ஆசனம் வேண்டும்தானே? கொள்கையில்லாத ஒருவன் அந்த ஆசனத்தில் குந்துவதைவிட, கொள்கையுள்ளவன் குந்துவது எவ்வளவோ மேல் அல்லவா? அமெரிக்கர்களின் அழைப்பில் வயதெல்லை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதும் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"அண்ணை," என்றார் யோகா மெதுவாக. "அப்ப என்ர பிள்ளை?"

"தங்கச்சி, உங்கட பிள்ளைக்காகத்தானே நான் போறன்!" என்றார் அவர். சொல்லும்போது கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கவில்லை.

தெரிவு செல்லுபடியாக, அங்கத்தவர் அல்லாத இரண்டு சாட்சிகளின் முன் பெயரைச் செயலாளர் உரத்து வாசிக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் யாப்பு விதி சொன்னது. மண்டபத்தில் அங்கத்தவர் அல்லாதவர்கள் இரண்டே பேர். யோகாவும் பிரஷாந்தனும் மரியாதைக்கு எழும்பி நின்றார்கள். மகேந்திரராஜா கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.

"மகேந்திரராஜா."