ஃபெயில் ஆவதற்கு நான் எழுதிய கட்டுரை

எப்படியாவது ஃபெயில் ஆகிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சும்மா எடுத்த முடிவில்லை. குளித்து, விபூதி பூசி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்ன முடிவு. பரீட்சையில் பாஸ் பண்ணிவிடு என்று கேட்கிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருப்பார். “இந்த மணிபாரதியை மட்டும் கைதூக்கி விட்டுடாதேப்பா” என்று ஒருவன் வந்து நின்றதும் அவருக்கே ஒரு நிமிஷம் ஒன்றும் புரிந்திருக்காது.

காரணம் ஒன்றே ஒன்று. ஏனாம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் புதுச்சேரி அரசாங்கத்தின் நிலம் ஒரே துண்டாக இல்லை. புதுச்சேரி ஒரு பக்கம், காரைக்கால் ஒரு பக்கம், கேரளாவுக்குள் மாகே, ஆந்திராவுக்குள் ஏனாம். கை தவறிப் போட்ட தட்டு மாதிரி நாலு துண்டு. எங்கள் இலாகாவில் ஒருவன் யு.டி.சி. என்கிற குமாஸ்தாவாக இருக்கும்வரை யாரும் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. பரீட்சை எழுதி அசிஸ்டென்ட் ஆனானோ, மூன்று வருஷம் ஏனாம். எனக்குத் தெரிந்து பாஸான ஐந்து பேரும் அங்கேதான் போனார்கள். ஏனாம் என்று கேட்டால், ஏனாம்தான் என்று பதில் வரும்.

எனக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. காரைக்கால் கோவில்பத்தில் வீடு. ஸ்கூட்டரில் பத்து நிமிஷத்தில் ஆபீஸ். ஐந்தரைக்கு ஆபீஸ் முடிந்தால் கடற்கரையில் காற்று. வீட்டில் “ஏழு மணி வரைக்கும் ஃபைல்” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கும் ஃபயாஸ் மிட்டாய்க் கடைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் இனிப்பு கூடாது என்றார். அல்வா என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாததை அரசு ஊழியன் பின்பற்ற வேண்டியதில்லை.

இப்படிப் பதினோரு வருஷம் பரீட்சைக்கு டிமிக்கி கொடுத்தேன். ஒரு வருஷம் வயிற்றுவலி. ஒரு வருஷம் ஹால் டிக்கெட் தொலைந்தது. ஒரு வருஷம் சுரக்குடி மாமா இறந்துபோனார். மாமா இன்றைக்கும் காலையில் இரண்டு மைல் நடக்கிறார்.

இந்த வருஷம் என் மனைவி வினோதா விண்ணப்பத்தைத் தானே பூர்த்தி செய்தாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அவள் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். காஸ், பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாம் அப்படித்தான். ஆபீசில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க” என்று உபதேசம் செய்கிற அதே நான்தான்.

வினோதாவுக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம். தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு ஆர்.டி.ஐ. மனு. பஸ் நிற்காவிட்டால் ஒரு மனு. மற்ற வீடுகளில் ஊறுகாய் போடுவதுபோல் அவள் மனு போடுவாள்.

பரீட்சையில் இரண்டு தாள். முதல் தாள் அலுவலக விதிகள். இருபது வருஷமாக அதில்தான் உருண்டுகொண்டிருக்கிறேன். அதில் தப்பாக எழுத எனக்கே மனசு வராது. இரண்டாவது தாள் கட்டுரை, நூறு மார்க். கோட்டை விடுவதென்றால் அங்கேதான் விட வேண்டும்.

வினோதா பத்து வருஷக் கேள்வித்தாளைக் கூடத்தில் பரப்பிவைத்து உட்கார்ந்தாள்.

“பாருங்க. சமூக ஊடகம் நாலு தடவை வந்துருக்கு. பெண்கள் முன்னேற்றம் மூணு. பிளாஸ்டிக் ரெண்டு. கேக்குறவங்களுக்கும் வேற எதுவும் தெரியல. பத்துக் கட்டுரை தயார் பண்ணிட்டா போதும்.”

“பதினொன்னாவதா ஒண்ணு வந்துட்டா?”

“அத ஏன் இவ்வளவு சந்தோஷமா கேக்குறீங்க?”

தினம் மாலை ஒரு கட்டுரை. முன்னுரை, மூன்று கருத்து, ஒரு மறுப்பு, முடிவுரை. முந்நூறு வார்த்தை முடிந்தால்தான் காபி.

“வினோதா, காபி...”

“எத்தனை வார்த்தை?”

“இருநூத்தி எண்பது.”

“அந்த இருபதையும் எழுதுங்க. அதுக்குள்ள பால் காயட்டும்.”

நானும் லேசுப்பட்டவன் இல்லை. எல்லாத் தலைப்புக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே முன்னுரையை உருவாக்கினேன். ‘அறிவியல் வளர்ந்த இக்காலத்தில், இன்னது என்பது நாணயத்தின் இரு பக்கங்களைப் போன்றது.’ இன்னது என்ற இடத்தில் பிளாஸ்டிக்கைப் போடலாம். சமூக ஊடகத்தைப் போடலாம். பெண்கள் முன்னேற்றத்தைப் போட்ட அன்று மட்டும் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

போகப் போக வீட்டுப் பேச்சே கட்டுரையாகிவிட்டது.

“இன்னைக்குத் தலை வேற வலிக்குது. மழை வர்ற மாதிரி இருக்கு. ஆபீஸ்லயும் ஆளு கம்மி...”

“முன்னுரை வேணாம். விஷயத்துக்கு வாங்க.”

“மீன் வாங்கிட்டு வர மறந்துட்டேன்.”

“இதுக்கு மறுப்புக் கருத்து என்கிட்ட இருக்கு. ஸ்கூட்டரத் திருப்புங்க.”

பரீட்சை நெருங்க நெருங்க எனக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஹால் டிக்கெட் நம்பர்படி அடுத்த பெஞ்சில் எங்கள் ஆபீஸ் அஞ்சுகம் உட்காருவாள். அஞ்சுகமும் வினோதாவும் ஒரே ஏலச்சீட்டு, ஒரே பேச்சு. நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தால் மணி அடிப்பதற்குள் வீட்டுக்குத் தகவல் போய்விடும். ஆகவே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். மார்க்கும் விழக்கூடாது.

பக்கத்து வீட்டு ஜவஹர் அலி சாரிடம் போனேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் கட்டுரைத் தாள் திருத்திய கை.

“வாங்க தம்பி, உக்காருங்க.”

“சார், நெறைய எழுதணும். ஆனா ஃபெயிலாகணும். வழி இருக்கா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பாஸாக வழி கேட்டு ஊரே வந்துருக்கு. இதக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“வினோதாவுக்குத் தெரியக்கூடாது சார்.”

“நானா போயி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தார். “மனப்பாடம் பண்ணதுல ஒரு வரி எழுதாதீங்க. மேற்கோள் வேணாம். நாணயமும் வேணாம். ஒங்க வீட்டுல நடக்குறத, வெளிய சொல்லக் கூச்சப்படுறத, பேசுற மாதிரி எழுதுங்க. திருத்துறவரு இது பரீட்சைத் தாளா டைரியான்னு முழிக்கணும்.”

“நிச்சயமா சார்?”

“இன்ஷா அல்லாஹ், நீங்க இந்த ஊர விட்டு எங்கயும் போக மாட்டீங்க.”

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

பரீட்சை அன்று கேள்வித்தாளைப் பிரித்தேன். ‘நல்ல நிர்வாகத்துக்கு வெளிப்படைத்தன்மை தேவையா?’

அடக் கடவுளே. வினோதாவின் ஏழாவது கட்டுரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கை தன்பாட்டுக்கு ‘அறிவியல் வளர்ந்த’ என்று எழுத ஆரம்பித்துவிட்டது. இரண்டு கோடு போட்டு அடித்தேன். பிறகு சார் சொன்னபடி ஆரம்பித்தேன்.

‘எங்கள் வீட்டில் நிர்வாகம் என் மனைவியின் கையில். அவளிடம் ஒளிவுமறைவு கிடையாது. அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது, என் கண்ணாடி எங்கே கிடக்கிறது, நான் எங்கே தப்பு செய்தேன் எல்லாமே உடனுக்குடன் அறிவிக்கப்படும். ஒளிவுமறைவு எல்லாம் என்னிடம்தான்.’

அப்புறம் பேனா நிற்கவில்லை. அல்வாவைப் பற்றி ஒரு பக்கம். நாள்தோறும் எத்தனை கிராம், தீபாவளி வாரத்தில் எத்தனை கிராம், வாயைத் துடைக்க டிக்கியில் தனியாக ஒரு துண்டு. சுரக்குடி மாமாவைக் கொன்றதைப் பற்றி ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தில் எழுதியதை இப்போது சொல்ல மாட்டேன். எழுதி முடித்தபோது மனசு இலேசாக இருந்தது. அஞ்சுகம் என்னைப் பார்த்து, “சார், அடிஷனல் ஷீட்டா!” என்று வாயைப் பிளந்தாள். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சுகம் என் மேஜைக்கு ஓடி வந்தாள்.

“சார்! நாலு ஊருக்கும் சேத்து நீங்கதான் மொத ரேங்க்!”

நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனாலும் மறுபடி ஒருமுறை உட்கார்ந்தேன்.

அன்று அல்வா ஞாபகமே வரவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன். வினோதா சர்க்கரை போடாத பாயசம் வைத்திருந்தாள். அது பாயசமே இல்லை, பால்கஞ்சி. சந்தோஷத்தில் பெயர் மாற்றி வைத்திருந்தாள்.

“வினோதா, ஏனாம்...” என்று இழுத்தேன். கோட்டுச்சேரியில் இருக்கும் வயசான அப்பா அம்மாவை விட்டு அவள் என்னோடு வர முடியாது. மூன்று வருஷம் தனியாக.

அவள் பரீட்சை அறிவிப்பை எடுத்து என் மடியில் போட்டாள். “ஆறாம் பக்கம் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ஃபெயில் ஆகப் போகிறவனுக்கு ஆறாம் பக்கம் எதற்கு? இப்போது படித்தேன். முதலிடம் பெறுபவர் தமக்கு விருப்பமான ஊரைத் தேர்ந்துகொள்ளலாம்.

“சும்மா பாஸானா ஏனாம். மொத ஆளா வந்தா காரைக்கால். பிள்ளையாருக்கிட்ட ஃபெயிலாக்கச் சொல்லி வேண்டுனீங்களே, அது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.”

“அப்ப ஜவஹர் அலி சார்...”

“இந்தத் தெருவுல வேற யாருகிட்ட போவீங்க? அதான் முந்தின நாளே நான் போயிட்டேன். மனப்பாடம் பண்ணத எழுதுனா எல்லாரையும் போல பாஸாவாரு, சொந்தமா எழுதுனாதான் மொதல்ல வருவாருன்னு சார் சொன்னாரு. நான் சொன்னா நீங்க எழுதுவீங்களா?”

ஏமாந்ததில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பதவியும் வந்தது, ஊரும் போகவில்லை, கடற்கரையும் அப்படியே. விருப்பப் படிவத்தை அவள் நீட்டினாள். புள்ளி, புள்ளி, புள்ளி. ஐந்து இடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

“அப்படி என்னதான் எழுதுனீங்க? சொல்லுங்களேன், ஆசையா இருக்கு.”

“மறந்துபோச்சு.”

“மொத மார்க் வாங்குனது மறந்துபோச்சா?”

“பரீட்சைத் தாளெல்லாம் புதுச்சேரியில பீரோக்குள்ள வச்சுப் பூட்டிருப்பாங்க வினோதா. யாருக்கும் தர மாட்டாங்க.”

“அப்படியா?” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அஞ்சுகம் பேச்சுவாக்கில் சொன்னாள், விருப்பப் படிவத்துக்கு நாலு கையெழுத்துதான் என்று. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று கூடுதலாகப் போட்டால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?

நாற்பது நாள் போனது. அசிஸ்டென்ட் மணிபாரதி வழக்கம்போல் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார். “அப்பாடா, என்னா ஃபைலு!” என்று செருப்பைக் கழற்றினார். கூடத்தில் வினோதா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழுப்பு உறை. கையில் என் கையெழுத்து.

“நீங்க கேட்டிருந்தீங்களே, ஒங்க விடைத்தாள். வந்துருச்சு.”

“நான் எப்ப கேட்டேன்?”

“அஞ்சாவது புள்ளியில.”

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்துக்குச் சிரித்தாள். சுரக்குடி மாமாவுக்குத் தலையில் அடித்துக்கொண்டாள். அல்வாப் பக்கத்தை மட்டும் வாய்க்குள் இரண்டு முறை படித்தாள். கடைசிப் பக்கத்தைச் சத்தமாகவே வாசித்தாள்.

‘நான் ஏனாமுக்குப் போக மறுப்பது காற்றுக்காக அல்ல. அல்வாவுக்காகவும் அல்ல. அவள் குரல் கேட்காத வீட்டில் எனக்கு எதுவும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நான் உள்பட. இதைப் பதினோரு வருஷமாக அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பரீட்சையே எழுத வேண்டியிருந்திருக்காது. ஆகவே வெளிப்படைத்தன்மை தேவை.’

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் என்னவோ போலிருந்தது. பக்கத்தில் போய் உட்காரலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அவள் எழுந்து போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மேலே தலைப்பு அவள் கையெழுத்தில் இருந்தது.

‘இன்று மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை நான் எங்கிருந்தேன்? முந்நூறு சொற்கள்.’

“எழுதுங்க. காபி போடுறேன்” என்று அடுப்படிக்குப் போனாள்.

நான் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் கை விட்டு அல்வாக் காகிதத்தை இன்னும் உள்ளே தள்ளினேன். ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்து, ‘அறிவியல் வளர்ந்த இக்காலத்தில்’ என்று எழுதினேன்.

“முன்னுரை வேணாம்!” என்றது அடுப்படி.