பளிங்கபுரியில் கதவு வைத்த கதை

ஏழு கடல் தாண்டினால் பளிங்கபுரி வரும் என்பார்கள். அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். ஆறாவது கடலிலேயே இடதுபக்கம் திரும்பினால் போதும். அந்த நாட்டை ஆண்டவர் மின்னல்வர்ம மகாராஜா. பட்டத்துக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கடைகளுக்கெல்லாம் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கச் சொன்னது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பளிங்குத் தகடு. அதில் சரக்குகளின் படம் ஒளிரும். வேண்டிய படத்தைத் தொட்டால் கீழே உள்ள ஓட்டை வழியாகப் பொருள் வந்து விழும். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம், "பொண்ணுக்கு வரன் ஏதும் அமைஞ்சுதா?" என்ற விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டாம். நாடே பூரித்துப்போனது.

செவந்திக்கு மட்டும் பூரிப்பு வரவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. புருஷன் மாசானத்துக்கும் கிடையாது. அதுவரை அது ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை. மாசானத்துக்குப் பனிக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ துருத்தி ஊதுவதுபோல் இழுக்கும். செவந்தி மருந்துக்கடைக்குப் போய் "இழுப்புச் சூரணம் குடுங்க" என்பாள், கொடுப்பார்கள், வீட்டில் மூச்சு சீராகும். இப்போது அதே கடையின் பளிங்கை மேலும் கீழும் தடவினாள். வழவழவென்று இருந்ததே தவிர, விரலுக்கு ஒரு சேதியும் சொல்லவில்லை. ஓட்டையில் ஏதோ விழுந்தது. மாசானம் அதை ஏதோ தைலம் என்று நம்பி நெஞ்சில் தேய்த்துக்கொண்டான். அது மீசைச் சாயம். பனிக்காலம் முழுக்க நெஞ்சு கறுத்துத் திரிந்தான், இழுப்பு குறையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் தொட்டுக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தார்கள். ஒருவருக்காக இன்னொருவர் பளிங்கைத் தொடுவது ஆள்மாறாட்டம் என்று உடனே ஓர் ஆணை வந்துவிட்டது.

மகாராஜா இளகிய மனசுக்காரர். சேதி காதில் விழுந்ததும் கண்கலங்கி, "எந்தப் பளிங்கும் எந்தக் குடியையும் திருப்பி அனுப்பக் கூடாது, மீறினால் கடைக்கு சீல்" என்று சட்டம் போட்டார். அதை நடத்திக்காட்டும் பொறுப்பு சுலபத்துறை அமைச்சர் வாகீசருடையது. மறுநாளே வணிகர் சங்கத் தலைவர் தனகோடி அரண்மனைக்கு வந்தார். அந்த மருந்துக்கடையும் அவருடையதுதான்.

"உத்தமமான சட்டம், மகாராஜா," என்றார் தனகோடி. "இவ்வளவு உத்தமமான சட்டத்தை அவசரப்பட்டு அமல்படுத்தினால் அதன் உத்தமம் கெட்டுவிடும்."

கெட்டுவிடக் கூடாது என்று அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் முடிந்ததும், கொடுத்த அவகாசம் போதுமா என்று ஆராய ஓர் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் கடல் கடந்து வந்த ஒரு மந்திரவாதி வணிகர்களுக்கு ஒரு பித்தளைப் பொம்மையை விற்றுவிட்டான். பளிங்கின் மூலையில் ஒட்டவைத்தால் அது படங்களை வாய்விட்டுச் சொல்லும்; கடையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை; ஒட்டிய நிமிஷமே சட்டம் நிறைவேறிவிடும் என்பது அவன் வாக்கு.

செவந்தி போய் நின்றாள். பொம்மை தொண்டையைச் செருமிக்கொண்டு, "படம். படம். படம்," என்றது. என்ன படம் என்று கேட்டாள். "அழகான படம்," என்றது. போதாக்குறைக்கு, பொம்மையை ஒட்டிய இடம் சரியாகச் சூரணத்தின் படத்துக்கு மேலே. ஆகவே கண் தெரிந்தவர்களுக்கும் அன்றிலிருந்து சூரணம் கிடைக்கவில்லை. எல்லோரையும் சமமாக நடத்திய முதல் பளிங்கு அதுதான் என்று வாகீசர் அதற்கு ஒரு பதக்கம் கொடுத்தார்.

முறையிடலாம் என்று செவந்தி சுலபத்துறைக்கே போனாள். அங்கேயும் சுவர், அங்கேயும் பளிங்கு. முறையிட வருவது மனுஷர்தானா, பேயா என்று முதலில் சோதிக்க வேண்டுமாம். படகு உள்ள கட்டங்களை மட்டும் தொட வேண்டுமாம். செவந்தி தொட்டதெல்லாம் மாட்டுவண்டி. பேய்களின் முறையீட்டை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி, காவலன் வாசல்வரை வந்து மரியாதையாகவே அனுப்பிவைத்தான்.

முறையீடு ஒன்றுகூட வராததில் வாகீசருக்கே ஆச்சரியம். பார்வையற்றோர் எத்தனை பேர் என்று எண்ணிவிடுவோம் என்று தொடங்கினார். எண்ணியதும் பளிங்கில்தான். பார்வை இல்லாதவர்கள் கண் படத்தைத் தொட வேண்டும். கெடு முடிந்தபோது ஒருவரும் தொட்டிருக்கவில்லை.

நாட்டில் பார்வையற்றோரே இல்லை, இனி பிறக்கவும் மாட்டார்கள் என்று தண்டோரா போட்டார்கள். யானைமேல் சர்க்கரை வைத்து வழங்கினார்கள்.

மாசானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்டோராவைக் கேட்டுக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை. மூச்சின் சத்தமே செவந்திக்குப் போதுமானதாக இருந்தது.

"நாமதான் இல்லைங்கானே," என்றான், ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பிடித்து. "இல்லாதவனுக்கு எதுக்குட்டி இப்படி இழுக்கு?"

செவந்தி எழுந்து முந்தானையைச் செருகினாள்.

"இருங்க. இல்லாதவ போயிட்டு வந்திருதேன்."

மருந்துக்கடைக்கு முன்னால்தான் சுவர். பின்னால் மூட்டை இறக்க ஒரு வழி உண்டு. அங்கே ஒரு காவலன்.

"யாரும்மா அது?"

"யாருமில்ல."

"யாருமில்லையா? எதிர்ல நிக்கே?"

"நான் குருடு, ராசா. தண்டோரா கேக்கலியா?"

காவலன் யோசித்தான். ஒரு குருட்டுப் பொம்பளையைப் பார்த்தேன் என்று சொன்னால் அரச தண்டோராவைப் பொய்யாக்கின குற்றம் வரும். அதற்குக் கழுமரம். அவன் அண்ணாந்து மேகம் பார்த்தான். செவந்தி உள்ளே போய் டப்பா டப்பாவாக முகர்ந்து, சூரணத்தைக் கண்டுபிடித்து, போகும்போது "வாறேம்ப்பா" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாசானம் படுத்துத் தூங்கினான்.

அப்புறம் நாட்டில் இல்லாத ஆட்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மாவுக்கடை, துணிக்கடை, மிட்டாய்க்கடை. கண் நன்றாகத் தெரிந்த சில பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அல்வா எடுத்துப் போனார்கள். தனகோடி அரண்மனைக்கு ஓடினார்.

"எடுத்தது யார்?" என்று கேட்டார் மகாராஜா.

"பார்வையற்றோர், மகாராஜா."

வாகீசர் இருமினார். "நம் நாட்டில் அப்படி ஒருவரும் இல்லையே. தலைவர் சர்க்கரைகூட வாங்கிக்கொண்டாரே."

"இருக்கிறார்கள்!" தனகோடி தலைப்பாகையை எடுத்துக் கீழே வைத்தார். "என் தெருவிலேயே இருக்கிறார்கள். பரம்பரை பரம்பரையாக இருக்கிறார்கள். செவந்தி இருக்கிறாள், அவள் புருஷன் இருக்கிறான், சத்தியமாக இருக்கிறார்கள். என் பளிங்கைத் தடவித் தடவித் திரும்பிப் போனதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன், மகாராஜா!"

இத்தனை வருஷத்தில் அந்த மக்களுக்காக அரசவையில் இவ்வளவு உருக்கமாகப் பேசியவர் வேறு யாருமில்லை.

பின்வாசல் வழியாக வருவதைவிட முன்வாசல் வழியாக வந்து காசு கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. அதற்கு முன்வாசல் வேண்டும். மருந்துக்கடைச் சுவரை இடித்துக் கதவு வைத்தார்கள். உள்ளே ஓர் ஆளையும் உட்காரவைத்தார்கள். உலகிலேயே முதன்முறையாகக் கதவு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் மகாராஜா என்று வாகீசர் அறிவித்தார்.

எந்தத் திட்டமானாலும் அதில் மகாராஜாவின் படம் இருந்தாக வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். கதவிலும் செதுக்கினார்கள், நல்ல தேக்கில், புடைப்பாக. மேலே முழுக்க மகாராஜாவின் முகம். கீழே மூலையில், கை கட்டிக்கொண்டு வாகீசர். முகம் கதவை நிறைத்துவிட்டதால் கைப்பிடிக்கு இடமில்லாமல் போயிற்று. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

திறப்புவிழாவன்று முதல் ஆளாகச் செவந்தியை நிறுத்தினார்கள். மேளம் வாசித்தார்கள். அவள் கதவில் கையை வைத்தாள். நெற்றி, புருவம், கிரீடத்தின் கல் எல்லாம் விரலுக்குத் தெளிவாகப் புரிந்தது. அந்த நாட்டில் அரசாங்கம் செய்ததில் அவள் விரலுக்குப் புரிந்த முதல் பொருள் அதுதான். பிடிக்கத் தோதாக ஒன்று நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது. மேளம் நின்றது. வாகீசர் கண்ணை மூடிக்கொண்டார்.

செவந்தி மகாராஜாவின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்தது.

"இழுப்புச் சூரணம் குடுங்க," என்றாள். கொடுத்தார்கள்.

மற்ற கடைகளுக்கும் அதே கதவு வந்தது. அன்றிலிருந்து பளிங்கபுரியில் கடைக்குப் போகிற ஒவ்வொருவரும், கண் தெரிந்தவரும் தெரியாதவரும், முதலில் மகாராஜாவின் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கூட்டம் அதிகம் என்பதால் மூக்கு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. வருஷா வருஷம் புது மூக்கு பொருத்துகிறார்கள். அந்த ஒப்பந்தம் தனகோடிக்கு.