பிளெத்தோராவுக்கு அர்த்தம் கேட்ட கரடி

ஒரு காட்டில் யாருக்குமே அங்க இருக்கப் பிடிக்கலை. எல்லாருக்கும் வெளிநாட்டுக் காட்டுக்குப் போகணும். அதுல எஸ்தர்னு ஒரு கரடி. நர்ஸு வேலை பார்த்தா. பனிக்காட்டு ஆஸ்பத்திரி ஒண்ணு அவளுக்கு ஆர்டரே அனுப்பிடுச்சு. ஒரே கண்டிஷன், இங்கிலீஷ் பரீட்சையில பேசுறதுக்கு ஏழு மார்க் வாங்கணும். ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் ஆறு. இந்த மாசத்தோட ஆர்டர் செல்லாது.

கடைசியா குணசீலன்ங்கிற மைனா நடத்துன கோச்சிங் சென்டர்ல போய்ச் சேர்ந்தா.

"சிஸ்டர், உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருது. பிரச்சினையே அதான்"னாரு மைனா. "பெரிய வார்த்தை ஒண்ணு வேணும். பிளெத்தோரா. ஒரு பதிலுக்கு ரெண்டு தடவை போடுங்க. எங்க போட்டாலும் நிக்கும்."

"அதுக்கு என்ன அர்த்தம் சார்?"

"அது அட்வான்ஸ் பேட்ச்ல வரும். அர்த்தம் கேக்குறவங்கதான் சிஸ்டர் ஆறுலயே நிக்கிறாங்க."

பக்கத்து பெஞ்சுல பொன்னுரங்கம்னு ஒரு எருமை. "மை வில்லேஜ் வெரி பிளெத்தோரா சார்"னான். மொத்த கிளாஸும் கை தட்டுச்சு.

எஸ்தருக்கு மனசு ஒப்பலை. லேபிளைப் படிக்காம ஒரு சொட்டு மருந்துகூட ஊத்திப் பழகாதவ. நேரா லைப்ரரிக்குப் போய் டிக்‌ஷனரியைப் புரட்டுனா. தேவைக்கு மேல ஏராளமா கிடக்கிறதுதான் பிளெத்தோரான்னு போட்டிருந்துச்சு. ஒரு வாரம் வார்டுல நடந்துக்கிட்டே பழகினா. கட்டிலுக்கு மேல, கட்டிலுக்குக் கீழ, வராண்டாவுலன்னு நோயாளிங்க படுத்திருந்தா பிளெத்தோரா. டாக்டர் ஒருத்தர் மட்டும் இருந்தா அது பிளெத்தோரா இல்லை.

பரீட்சை நடத்த வருஷா வருஷம் குளிர்காலத்துல ஒரு வெளிநாட்டு வாத்து பறந்து வரும். ஏரிக்கரையில மேஜை. முதல்ல பொன்னுரங்கம் போனான். ஊரு, அப்பா, சாப்பாடு எல்லாத்தையும் பிளெத்தோரான்னுட்டு எட்டு மார்க்கோட வெளிய வந்தான்.

அடுத்து எஸ்தர். அவங்க பேசுனது இங்கிலீஷ்லதான். நான் தமிழ்ல சொல்றேன்.

"உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க"ன்னுச்சு வாத்து.

"எங்க ஊர்ல கோச்சிங் சென்டர் பிளெத்தோரா. மரம்தான் குறைச்சல்."

வாத்து பேனாவைக் கீழ வச்சுடுச்சு. "அந்த வார்த்தையைத் தப்பா யூஸ் பண்றீங்க, சிஸ்டர்."

"தேவைக்கு மேல இருக்கிறதைத்தானே சார் அப்படிச் சொல்லுவாங்க?"

"பதினோரு வருஷமா இங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். ரொம்ப நல்லதுன்னு அர்த்தம். நீங்க சொல்ற மாதிரி ஒருத்தர்கூட சொன்னதில்லை."

"டிக்‌ஷனரியில இருக்கு சார்."

"டிக்‌ஷனரி பரீட்சை எழுத வரலையே."

எஸ்தருக்கு அந்த மூஞ்சி தெரிஞ்ச மூஞ்சிதான். டோஸ் தப்பா இருக்குன்னு நர்ஸு எடுத்துச் சொன்னா பெரிய டாக்டருக்கு வர்ற மூஞ்சி. வாத்து ஆறுன்னு எழுதிடுச்சு. கையெழுத்துதான் பாக்கி.

அவ பனிக்காட்டை ஒரு தடவை நினைச்சுக்கிட்டா.

"மன்னிச்சுக்கங்க சார். பதட்டத்துல உளறிட்டேன். இந்த மாதிரி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை எங்களுக்கு. சார் ஒரு பிளெத்தோரா."

வாத்து கழுத்தை ஒரு தடவை நீவிக்கிச்சு. அப்புறம் ஆறை அடிச்சுட்டு ஏழரைன்னு எழுதி, சின்னதா கையெழுத்துப் போட்டுச்சு.

மறுநாளே சென்டர் வாசல்ல ஃபிளெக்ஸ் கட்டிட்டாங்க. எஸ்தர் படம் பெருசா, மைனா படம் அதைவிடப் பெருசா. கீழ, "அர்த்தம் கேட்காமல் படித்து வென்ற எங்கள் மாணவி."

நீதி: வார்த்தையோட அர்த்தம் டிக்‌ஷனரியில இருக்கும், மார்க் ஷீட்டு வாத்துகிட்டதான் இருக்கும்.