எட்டிப்பார் அண்ணனின் ஜன்னல்கள்

எட்டிப் பார்க்காமல் எதற்குள்ளும் நுழையாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் எங்கள் ஆபீசில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து வாய்த்தார்.

அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. யாருக்கும் நினைவில்லை. எட்டிப்பார் அண்ணன், அவ்வளவுதான். திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஏறுவதற்கு முன் பஸ்ஸைச் சுற்றி ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக்கூட, அதற்குள் என்ன இருக்கிறது என்று அண்ணி போட்டோ அனுப்பிய பிறகுதான் திறப்பார். கேட்டால், "தொறந்துட்டா அப்புறம் பாத்து என்னங்க ஆவுது?" என்பார். நான் சாப்பிடப் போய்விடுவேன்.

இப்பேர்ப்பட்டவர் கண்ணில் அந்தக் குட்டி மென்பொருள் எப்படித்தான் பட்டதோ. எங்கள் கம்ப்யூட்டரில் திரையின் அடியில் ஐகான்கள் வரிசையாக நிற்கும். இதை ஏற்றிவிட்டால், ஐகான்மேல் மவுஸை நிறுத்தியதும், திறந்து கிடக்கும் ஜன்னல்களெல்லாம் தபால்தலை அளவில் மேலே எழும்பும். வேண்டியதைப் பார்த்துச் சொடுக்கலாம். அண்ணனுக்குச் சொர்க்கவாசல் திறந்த மாதிரி. யாரும் கேட்காமலே எல்லோர் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். அதற்குப் பிறகு எந்த ஜன்னலையும் அவர் மூடியதில்லை. வைகாசிக் கல்யாணம் கார்த்திகையிலும் அவர் திரையில் நடந்துகொண்டிருக்கும். கம்ப்யூட்டர், போர்வெல் போடும் அவர் ஊர் ரிக் லாரி மாதிரி உறுமும்.

ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, மென்பொருள் படுத்துவிட்டது. மவுஸை எங்கே நிறுத்தினாலும் படம் வரவில்லை. திருச்செங்கோட்டுக் கல்யாணம் ஒன்றும் மேச்சேரிக் கல்யாணம் ஒன்றும் அடுத்தடுத்துத் திறந்து கிடந்தன. இரண்டும் நடந்தது சேலத்தில் ஒரே மண்டபம், ஒரே பிளாஸ்டிக் பூ மேடை, ஒரே போட்டோகிராபர். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மென்பொருள் வருவதற்கு முன் ஆல்பத்தில் ஒரு மாப்பிள்ளையை வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தியவர் அவர். முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "இன்னிக்கு ஆல்பம் போவோணும். இன்னொரு தப்பு வந்துச்சுன்னா ஊட்டோட இருந்துக்கங்க."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்போல அண்ணன் வேலையை முடித்தார்.

அடுத்த வாரம் திருச்செங்கோட்டுச் சம்பந்திகள் இருவரும் ஆல்பத்தோடு வந்து இறங்கினார்கள். தாய்மாமனுக்கு மூலையில் சின்னப் படம். மீசைக்காரப் பெரியவர் ஒருவருக்கு முழுப் பக்கம். பெண்ணின் அப்பாவுக்கு முகம் சிவந்திருந்தது.

"மாப்ள ஊட்டுப் பெரியப்பாங்கறதுக்காவ எங்க மச்சானை மூலைல தள்ளீருவீங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா திகைத்துப்போனார். "எங்க பெரியப்பாவா? உங்க பக்கத்துப் பெரியவருன்னு சொல்லி, சொந்தக்காரங்க எல்லாருத்துக்கும் காட்டீட்டு வாரனுங்க."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் பழியை அச்சகத்தின்மேல் போட்டிருக்கலாம். எழுந்து நின்றார்.

"அவரு மேச்சேரிக்காரருங்க. ரெண்டு ஊட்டுக்குமே சம்பந்தமில்லீங்க. தப்பு என்னுதுங்க."

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். பிறகு சம்பந்தியும் சேர்ந்துகொண்டார். பக்கத்தை மாற்றித் தரச் சொல்லிவிட்டு இருவரும் சிரித்தபடியே காரில் ஏறினார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை முதலாளி என்னிடம் முணுமுணுத்தார்: "அந்தாளு வந்தாருன்னா மொதல்ல அந்தப் பக்கத்தை மாத்தச் சொல்லுங்க." சரி என்று திரும்பினால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணன். கதவைத் தொடவில்லை. இரண்டு கையையும் கண்ணாடியில் குவித்து வைத்து, தன் இடம் இன்னும் இருக்கிறதா என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தார். என் கம்ப்யூட்டர் அந்த இடத்தை மறைத்தது.

எனக்கு அலுப்புத்தான். எழுந்துபோய், அவர் நாற்காலியை அவர் கண்ணில் படும்படி இழுத்துப் போட்டேன்.